பட்டிக்குள் செத்த சிறுத்தை

சிறுத்தை செத்துக் கிடந்தது!

வாயெல்லாம் நுரை. பக்கத்தில் பாதி தின்ற ஆட்டுக்குட்டி...

காரமடைக்கு மேற்கே, மலையடிவாரத்தில், நாச்சியம்மாளின் ஆட்டுப்பட்டிக்கு விடிந்ததும் ஊரே வந்துவிட்டது. எட்டு மணிக்கு வனத்துறை ஜீப்பும் வந்தது.

ரேஞ்சர் சுரேந்தர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார்.

"விஷம் வெச்சது யாரு?"

நாச்சியம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து நின்றாள். வைத்தது அவள்தான். முந்தின ராத்திரி சிறுத்தை கடித்துப் போட்ட குட்டியின் மேல், வாழைக்குப் போடும் குருணைப் பூச்சிமருந்தைத் தூவி வைத்தாள்.

வயிற்றெரிச்சல்!

தொண்ணூற்றிரண்டாம் வருடம் வரை அவள் ஆடுகள் மலையில்தான் மேய்ந்தன. காட்டைக் காப்பாற்றுகிறோம் என்று எல்லைக் கல் நட்டார்கள். மேய்ச்சல் போயிற்று. ஆடு காட்டுக்குள் கால் வைத்தால் குற்றம். சிறுத்தை மட்டும் ஊருக்குள் வரலாம், விருந்து சாப்பிடலாம்! நாலே வருடத்தில் முப்பது ஆடு பதினொன்றாகிவிட்டது. அவளுக்குச் சோறு போடுவது அந்தப் பதினொன்றுதான்.

"சிறுத்தையக் கொன்னா ஜெயிலு. ஜீப்புல ஏறு."

ஏறினால் ஆடுகளை யார் மேய்ப்பார்கள்? திரும்பி வரும்போது ஒன்றாவது மிஞ்சுமா? அவளுக்கு அழுகை முட்டியது. அதைவிட அதிகமாக ஆத்திரம் முட்டியது.

விறுவிறுவென்று வீட்டுக்குள் போனாள். நாலு காகிதங்களோடு வந்தாள்.

"ஏனுங்க சார், கேசு கட்டுல இதையும் சேத்துக்குங்க."

சுரேந்தர் அலட்சியமாக வாங்கினார். படித்தார்... முகம் வெளுத்தது.

ஆடுகள் போகப் போக, நாலு முறை, திங்கட்கிழமை கோயமுத்தூருக்கு பஸ் ஏறி, கலெக்டர் ஆபீஸ் வரிசையில் நின்று அவள் மனு கொடுத்திருந்தாள். அந்த மனுக்கள் சுற்றிச் சுற்றி வந்து விழுந்தது சுரேந்தர் மேஜையில்! நாலுக்கும் ஒரே பதில்.

'மேற்படி பகுதியில் சிறுத்தை அறவே இல்லை. ஆடுகளைக் கொன்றவை தெருநாய்களே.'

கீழே அவர் கையெழுத்து. ரப்பர் ஸ்டாம்ப். நகல், கலெக்டருக்கு!

வழக்குப் போட்டால், இல்லாத சிறுத்தை எப்படிச் செத்தது என்று முதலில் அவரைத்தான் கேட்பார்கள்.

தொப்பியைக் கழற்றினார். குரல் இறங்கியது.

"இப்ப என்னங்கம்மா பண்றது?"

"குழி தோண்டிப் பொதைச்சுப்போட்டுப் போங்க. நாய்தானுங்களே?"

சுரேந்தர் அந்த மஞ்சள் உடம்பையும் கறுப்புப் புள்ளிகளையும் பரிதாபமாகப் பார்த்தார்.

நாச்சியம்மாள் சொன்னாள்.

"புள்ளியப் பாத்து மலைக்காதீங்க சார்... சொறி புடிச்ச நாயிங்க!"