பிள்ளையார் கூடை

"சாயங்காலம் போலீஸ் வருதுங்க. எங்க ஊட்டுக்காரர் செடிக்கு விஷம் வெச்சாருன்னு துரை சொல்றாரு," என்றாள் மரகதம். குன்னூர் கடைவீதியில் ஹபீப் முகமதுவின் விதைக்கடைக்குள் மழையில் நனைந்த கம்பளியோடு நின்றாள்.

1934, ஆடி மாதம். அவள் கணவன் வெள்ளியங்கிரி, பர்லியாருக்குக் கீழே ஓர் எஸ்டேட்டில் நாற்றங்கால் மேஸ்திரி. துரை ஆசையாய் வரவழைத்த எண்ணெய்ப் பனைக் கன்றுகளில் பாதி செத்துவிட்டன. லீவு தராத கோபத்தில் வெள்ளியங்கிரி தண்ணீரில் எதையோ கலந்துவிட்டான் என்பது துரையின் கட்சி.

செடிக்கு நோய் என்றால் குன்னூரில் எல்லோரும் கேட்பது ஹபீபைத்தான். அவர் தன் மச்சான் பஷீரோடு புறப்பட்டார். பர்லியாரில் புழுக்கம் ஆளை அவித்தது. மரகதம் கம்பளியை எடுக்கவேயில்லை.

நாற்றங்காலில் அழுகல் நாற்றம். மூங்கில் கூடைகளில் கன்றுகள் கருகிச் சாய்ந்திருந்தன, தண்டின் அடியில் வெள்ளைப் பூசணம்.

"விஷந்தான் மச்சான். இந்தப் பக்கம் மொத்தமும் போச்சு," என்றார் பஷீர்.

"மொத்தமும் இல்லயே," என்றார் ஹபீப். செத்த வரிசையின் நடுவில் ஒரே ஒரு கன்று பச்சையாக நின்றது. "இது எப்படிப் பிழைச்சுது?"

"அது பிள்ளையார் கூடைங்க," என்றான் அங்கே நின்றிருந்த வெள்ளியங்கிரி. "மொத மொதல்ல மண்ணு ரொப்புற கூடையைச் சாமி முன்னால வெப்போம். வேலை முடிஞ்சதும் கடைசி வரிசையில சேர்த்துட்டோம்."

ஹபீப் அந்தக் கூடைக்குள் விரலை விட்டார். பொலபொலவென்று செம்மண். பக்கத்துக் கூடையில் கறுப்புக் களி. பிழிந்தால் தண்ணீர் கசிந்தது.

துரையின் பங்களா வராந்தாவில் எல்லோரும் கூடினார்கள்.

"எல்லாக் கூடைக்கும் ஒரே தண்ணிதான் ஊத்தியிருக்காங்க. விஷம்னா பிள்ளையார் கூடையும் செத்திருக்கணுங்க," என்றார் ஹபீப். "மொதல்ல ரொப்பினது மேட்டுச் செம்மண்ணு. அதுல தண்ணி வடிஞ்சிருது. பின்னால ரொப்பினது ஓடைக் களி. அதுல தண்ணி நின்னு, பூசணம் வேரைத் தின்னுருச்சு."

"மண்ணை மாற்றியது யார்?" என்றார் துரை.

வெள்ளியங்கிரி வாய் திறக்கவில்லை. ஜெயிலுக்கே போகத் துணிந்தவன் இதை மட்டும் ஏன் மறைக்கிறான்? ஹபீபின் கண் மரகதத்தின் கம்பளிக்குப் போனது. அவருக்குப் புரிந்துவிட்டது. புரியாமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

"மழையில மேட்டுப் பாதை சரிஞ்சு..." என்று ஒரு சாக்கை ஆரம்பித்தார்.

மரகதம் கம்பளியை எடுத்துவிட்டாள். "மண்ணு சுமந்தவங்கள்ல நானும் ஒருத்திங்க. எனக்கு ஆறு மாசம். தெரிஞ்சா நிறுத்திருவீங்கன்னு மறைச்சேன். நான் மேடு ஏறக்கூடாதுன்னுதான் அவரு பக்கத்து ஓடையில மண்ணு எடுக்கச் சொன்னாரு. செடி சாகும்னு அவருக்குத் தெரியாதுங்க."

துரை அவள் வயிற்றைப் பார்த்தார், பிறகு மழையைப் பார்த்தார்.

"போலீஸ் வேண்டாம். இருட்டுவதற்குள் கூலி லயத்து வீட்டைக் காலி செய்யட்டும்."

"ஜெயிச்சிட்டீங்க மச்சான்," என்றார் பஷீர், திரும்பும் வழியில். ஹபீப் திரும்பிப் பார்த்தார். கீழே மேட்டுப்பாளையம் சாலையில் இருவர் மழையோடு இறங்கிக்கொண்டிருந்தார்கள். வெள்ளியங்கிரி நின்று, மரகதத்தின் தலையிலிருந்த மூட்டையையும் வாங்கித் தன் மூட்டைமேல் வைத்துக்கொண்டான்.