ஏழு மணிக்குப் பார்த்துக்கொள்கிறேன்

மற்ற மாடிகளைப் போலவே ஒப்பீட்டு மாடியிலும் காலை ஒன்பது மணிக்குச் சிவப்பு விளக்கு எரியும். மாலை ஆறு மணிக்கு அணையும். அந்த விளக்கு எரியும்போது செய்வதுதான் பதிவாகும். பதிவானதுதான் வேலை. மற்றதெல்லாம் கணக்கில் வராது.

பூவிழி எட்டே முக்காலுக்கே வந்து உட்கார்ந்திருந்தாள். மகளைக் காப்பகத்தில் விட்டுவிட்டு ஓடி வந்ததில் மூச்சு இன்னும் அடங்கவில்லை. துப்பட்டாவின் ஓரத்தில் ராகிக் கஞ்சி காய்ந்திருந்தது. இன்றைக்குப் பத்தாவது நாள்.

சுகிர்தா உள்ளே வந்தாள். முந்தைய நாளே ஒப்பீடு முடிந்து ஐந்தாம் மாடிக்குப் போனவள். மறந்துவிட்ட டிபன் பாக்ஸை எடுக்க வந்திருந்தாள்.

"எத்தன புள்ள?"

"ஒம்போதுல ஆறு."

"அப்பறம் என்ன? இன்னிக்கு ஒண்ணு பொருந்துனா ஏழு. சீட்டு உன்னுது. மூஞ்சிய எதுக்கு இப்படி வெச்சிருக்க?"

"ராத்திரி பூரா தூங்கல. பாப்பாவுக்குச் சளி."

"இங்க பாரு. கேள்வி வந்தா உன்னைய மாதிரி யோசிக்காத. அவள மாதிரி யோசி."

"அவளும் நான்தான சுகி?"

"அதெல்லாம் சட்டத்துல." சுகிர்தா டிபன் பாக்ஸைத் திறந்து மோந்து பார்த்து, முகத்தைச் சுளித்து மூடினாள். "குழப்பமா இருந்தா 'பிறகு'ன்னு எழுதிப் போடு. நான் பத்துல நாலுக்கு அதத்தான் எழுதுனேன். நாலும் பொருந்துச்சு. எங்க ரெண்டு பேருக்கும் அவ்வளவு ஒத்துமை!"

அவள் சிரித்துக்கொண்டே போய்விட்டாள். பூவிழிக்குச் சிரிப்பு வரவில்லை.

பணிநிழல் சட்டம் வந்து பதினைந்து வருடம் ஆகிறது. பிள்ளைப்பேற்றுக்கு விடுப்பில் போன பெண்கள் திரும்பி வரும்போது அவர்கள் இடத்தில் வேறு யாரோ இருந்த காலம் ஒன்று உண்டு. அதை மாற்றத்தான் சட்டம். விடுப்புக்கு முந்தைய தொண்ணூறு நாள், அந்தப் பெண் தட்டும் ஒவ்வொரு எழுத்தும், பேசும் ஒவ்வொரு சொல்லும், எடுக்கும் ஒவ்வொரு முடிவும் பதிவாகும். அதிலிருந்து அவளுடைய பணிநிழல் உருவாகும். மூன்று வருடம் வரை அது அவள் இருக்கையில், அவள் பெயரில் வேலை செய்யும். அதற்குக் கிடைக்கும் பதவி உயர்வு அவளுக்கே. போகும்போது பூவிழி இளநிலைப் பொறியாளர். இன்று அவள் பெயருக்கு நேராக முதுநிலைப் பொறியாளர், கோவை மாநகர நீர்வழங்கல் மென்பொருள் என்று இருந்தது.

திரும்பி வருகிறவள் அதே ஆள்தான் என்று காட்டவேண்டும். அவ்வளவுதான். பத்து நாள், நாளுக்கு ஒரு கேள்வி, அவளுக்கும் நிழலுக்கும் தனித்தனியாக. ஏழு விடைகள் பொருந்தினால் இருக்கை அவளுடையது. இல்லாவிட்டால் நிழலுடையது. சோர்வே அறியாத ஒன்றை இழக்க எந்த நிறுவனத்துக்கு மனம் வரும்?

பொருந்தாமல் போன மூன்றிலும் நிழல் ஒரே சொல்லைத்தான் எழுதியிருந்தது. பிறகு.

அன்றைய கேள்வி மூன்று மணிக்கு வந்தது. உண்மையான எச்சரிக்கை ஒன்றையே கேள்வியாகக் கொடுத்திருந்தார்கள். வடக்கு மண்டலம், பதினாறாம் நீர்த்தொட்டி. பிரதான குழாயில் அழுத்தம் மெல்லக் குறைகிறது. என்ன செய்வீர்கள்? நாற்பது நிமிடம்.

அழுத்தம் மெல்லக் குறைந்தால் எங்கோ கசிவு. கசிவு இருந்தால் நீர் வெளியே போவது மட்டுமல்ல, சாக்கடை உள்ளேயும் வரும். அவளுக்கு யோசிக்கத் தேவையில்லை. வால்வை மூடு, ஆளை அனுப்பு. ஆனால் நிழல் என்ன எழுதும் என்பதும் அவளுக்குத் தெரிந்துவிட்டது.

எழுந்து ஒப்பீட்டு அலுவலர் சபீதா பானுவின் மேசைக்குப் போனாள்.

"மேடம், நிழல்கிட்ட ஒரு தடவ பேசலாம்னு விதி இருக்குல்லங்க?"

பானு கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "இருக்கு. கால் மணி நேரம். நானும் இங்க எட்டு வருஷமா இருக்கேன்மா, யாருமே கேட்டதில்ல. தன்கிட்டயே பேசறதுக்கு என்ன இருக்குன்னு விட்டுடுவாங்க. விடைய மட்டும் கேக்கக்கூடாது, சொல்லிட்டேன்."

கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஒரு நாற்காலி, ஒரு ஒலிவாங்கி. பூவிழி தொண்டையைச் செருமினாள்.

"நான் பூவிழி பேசறேன்."

"சொல்லுங்க." அவளுடைய குரல்தான். ஆனால் கொஞ்சம் மூச்சு வாங்கியது. "மணி மூணாச்சா? காலு ரெண்டும் பன்னு மாதிரி வீங்கிக் கெடக்குது. அந்த மானிட்டர் வந்த அட்டப்பெட்டி எங்கன்னு பாத்தீங்களா?"

பூவிழிக்கு அந்தப் பெட்டி நினைவிருந்தது. ஏழாம் மாதத்திலிருந்து அந்த அட்டைப்பெட்டியின் மேல்தான் மூன்று மணிக்குக் காலைத் தூக்கி வைப்பாள். பக்கத்து மேசைக்காரர் அதற்குச் சிம்மாசனம் என்று பெயர் வைத்திருந்தார்.

"ரொம்ப முடியலையா?"

"முடியலைன்னு சொன்னா எழுதி வெச்சுக்குவாங்க. சமாளிச்சுக்கறேன். மூணு மணிக்கு மேல வர்றதையெல்லாம் தள்ளி வெச்சுட்டா நாளைக்குக் காலைல பாத்துக்கலாம்."

"காலைல எப்ப?"

"ஏழு மணிக்கு. ஆளு யாரும் இருக்க மாட்டாங்க. லைட்டும் எரியாது. ரெண்டு மணி நேரத்துல எல்லாத்தையும் முடிச்சிடுவேன். நான் பின்தங்கறேன்னு யாருக்கும் தெரியாது."

பூவிழி நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தாள். ஆமாம். அப்படித்தான் செய்தாள். தொண்ணூறு நாளும் பிற்பகலில் ஒத்திவைத்ததை மறுநாள் விடியற்காலையில் வந்து, விளக்கு எரிவதற்குள் ஒன்றுவிடாமல் தீர்த்தாள். ஒத்திவைத்தது பதிவானது. தீர்த்தது பதிவாகவில்லை.

"நீ... நீங்க ஏழு மணிக்கு வந்து பாத்திருக்கீங்களா?"

"நாளைக்குப் பாப்பேன்."

"தள்ளி வெச்சது இப்ப எத்தன இருக்கு?"

"நாலாயிரத்து நூத்திச் சொச்சம்." குரலில் எந்த அதிர்ச்சியும் இல்லை. "எப்படி இத்தன சேந்துச்சுன்னு தெரியல. நாளைக்குக் கொஞ்சம் சீக்கிரமா வரணும்."

கடிகாரத்தில் ஆறு நிமிடம் மிச்சம் இருந்தது. கேட்க வேண்டியதைக் கேட்டாகிவிட்டது. எழுந்து போயிருக்கலாம். அப்போது நிழல் தானாகவே பேசியது.

"உங்களுக்குக் கொழந்த இருக்குங்களா?"

"இருக்கு."

"ஒண்ணு கேக்கட்டுமா? ஒம்போதாம் மாசத்துல அசைவு கொறையுமா? இன்னிக்குக் காலைல இருந்து அவ்வளவா அசையல. டாக்டருக்குப் போன் போட்டேன், எடுக்கல. மீட்டிங் இருக்கு, எந்திரிச்சுப் போகவும் முடியல. பயமா இருக்குதுங்க."

பதிவின் கடைசி நாள். பூவிழி மறந்தே போயிருந்தாள். அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனதும், குழந்தை தூங்குகிறது, வேறொன்றும் இல்லை என்று டாக்டர் சிரித்ததும் விளக்கு அணைந்த பிறகு நடந்தவை. அந்தப் பயம் மட்டும் இரண்டே முக்கால் வருடமாக இந்த நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்துக்கொண்டிருக்கிறது.

"இங்க கேளுங்க," என்றாள். "ஒண்ணும் ஆகல. பொறந்துட்டா. ஜூலை பதினொண்ணு, காலைல நாலு இருபது. ரெண்டே முக்கால் கிலோ. பேரு அல்லி. சோறுன்னா ஓடுவா, ரசம்னா உக்காருவா. இப்ப சளி புடிச்சிருக்கு, அவ்வளவுதான்."

நிழல் கேட்டது,

"யார மாதிரி இருக்கா?"

"வாயப் பாத்தா என்னைய மாதிரி."

"அப்ப நம்ம மாதிரி."

"ஆமா. நம்ம மாதிரி."

"பொறந்துட்டான்னா," நிழல் மெதுவாகக் கேட்டது, "நான் ஏன் இன்னும் இங்கயே உக்காந்திருக்கேன்?"

நேரம் முடிந்து இணைப்பு நின்றது.

பூவிழி தன் மேசைக்கு வந்தாள். விடைக்கட்டம் காலியாக இருந்தது. ஒரு சொல் எழுதினால் போதும். வாடகை வீடு, காப்பகம், இரண்டே முக்கால் வருடம் பார்த்துப் பார்த்துக் காத்த பெயர், எல்லாம் அந்த ஒரு சொல்லில் பத்திரமாக இருந்தன. பதினாறாம் தொட்டியிலிருந்து யார் வீட்டுக்குத் தண்ணீர் போகிறது என்று அவளுக்குத் தெரியாது. யார் வீட்டிலாவது ஒரு குழந்தை சளிக்கு வெந்நீர் குடித்துக்கொண்டிருக்கும்.

எழுதினாள்: வால்வை உடனே மூடவேண்டும். களப்பணியாளரை அனுப்பவேண்டும். தள்ளிவைத்த நாலாயிரத்தையும் முதலிலிருந்து பார்க்கவேண்டும். அவை யாராலும் பார்க்கப்படவில்லை. காரணம், அவற்றை நான் பதிவுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அனுப்பிவிட்டுப் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

நாலு மணிக்குப் பானு கூப்பிட்டார். எதிரே திரையில் இரண்டு விடைகள் அருகருகே இருந்தன. பூவிழியின் விடையை அவர் இரண்டு முறை படித்ததுபோல் தெரிந்தது.

"வால்வ மூடச் சொல்லிட்டேன். ஆளும் போயாச்சு," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "நான் ஏழேகாலுக்கு வருவேன்மா. ரெண்டாவது பையன் வயித்துல இருக்கறப்ப. வாட்ச்மேன் மட்டும் இருப்பாரு. மேல அஞ்சாவது மாடில அத்தன பேரும் அப்படித்தான் வந்திருப்பாங்க, இல்ல?"

"அப்படித்தாங்க இருக்கும்."

"அப்ப மத்த நிழல்கள்கிட்டயும்..." பானு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"பொருந்தலைங்களா மேடம்?"

"இல்ல. பத்துல ஆறு. விதிப்படி சீட்டு நிழலுக்குத்தான். ஆனா அது என்ன அனுப்பிருக்குன்னு பாரு."

நிழலின் விடை விடையே அல்ல. பிள்ளைப்பேற்று விடுப்பு விண்ணப்பம். முழுமையாக நிரப்பப்பட்டிருந்தது. குழந்தை பிறந்த தேதி: ஜூலை பதினொன்று. குழந்தையின் பெயர்: அல்லி. விடுப்புக் காலத்தில் இருக்கையைக் கவனிப்பவர் என்ற இடத்தில்: பூவிழி.

"இத நான் தள்ளவும் முடியாது," என்றார் பானு. "விடுப்பு கேட்டா மறுக்கக்கூடாதுன்னு சட்டம். சீட்டு அதுக்கு, வேலை உனக்கு. தற்காலிகப் பணியாள்னுதான் போடமுடியும். பதவி, பேரு எல்லாம் அது திரும்பி வர்ற வரைக்கும் அதோடதுதான். இஷ்டமா?"

"எப்பத் திரும்பி வருமாம்?"

பானு திரையைத் திருப்பிக் காட்டினார். அந்தக் கட்டத்தில் ஒரே ஒரு சொல் இருந்தது. பிறகு.

பூவிழிக்கு அந்த இரண்டு வாரத்தில் முதல் முறையாகச் சிரிப்பு வந்தது. சிரித்ததில் கண் கலங்கியது. கையெழுத்துப் போட்டாள்.

மறுநாள் ஏழு மணிக்கு அவள் வரவில்லை. அல்லிக்கு மருந்து ஊட்டி, மூக்கைத் துடைத்து, காப்பகத்தில் விட்டு, ஒன்பது மணிக்கு வந்தாள். ஐந்தாம் மாடி அறையில் ஒரு மூலையில் காலி அட்டைப்பெட்டி ஒன்று கிடந்தது. அதை இழுத்துப் போட்டுக் காலைத் தூக்கி வைத்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது. எல்லோரும் பார்க்கும்படி, தள்ளிவைத்த பட்டியலின் முதல் எச்சரிக்கையைத் திறந்தாள்.