இடக்கை வெட்டு

இராணுவம் பிடித்து வைத்திருந்த காணி விடுபட்டு விவசாயக் கல்லூரி மறுபடி திறந்தபோது, அங்கே போதனாசிரியையாக வேண்டிக் கேட்டு வந்தவள் குணலட்சுமி ஒருத்திதான். மற்றவர்களுக்கு அங்கே இடமாற்றம் என்றதுமே காய்ச்சல் வந்துவிட்டது. அவளுடைய அண்ணன் கோபிசங்கர் அங்கேதான் படித்தவன். இடப்பெயர்வின்போது விடுதியில் நின்றவன், வீடு வரவேயில்லை. உரும்பிராயில் அம்மா இன்றைக்கும் அவனுக்கும் சேர்த்துத்தான் உலை வைக்கிறாள். ஓர் எலும்பாவது கிடைத்தால் அம்மா அழுது தீர்த்துவிட்டுத் தூங்குவாள் என்று இவள் நினைத்தாள். பாவம், ஆசை யாரை விட்டது.

அன்று வெங்காயத்துக்குத் தண்ணீர் கட்ட வேண்டியிருந்தது. பொழுது சரிய முன்னரே மாணவர்கள் விடுதிக்கு ஓடிவிட்டார்கள். பாத்தி நிரம்பினால் அதன் வாயை மண்ணால் அடைத்து அடுத்ததைத் திறக்க வேண்டும். மோட்டரைப் போட்டுவிட்டு மண்வெட்டியோடு வந்து பார்த்தாள். முதல் பாத்தியை யாரோ அடைத்திருந்தார்கள்.

ஈர மண். அப்போதுதான் வெட்டியது.

எல்லோரும் வலப்பக்க வரம்பில்தான் மண் எடுப்பார்கள். இது இடப்பக்கம் வெட்டியிருந்தது. சின்ன வயதில் வீட்டுத் தோட்டத்தில் அப்படி வெட்டி ஐயாவிடம் நாளாந்தம் பேச்சு வாங்கிய இடக்கைக்காரன் ஒருவனைத்தான் அவளுக்குத் தெரியும்.

அடுத்ததும் அடைத்திருந்தது. அதற்கடுத்ததும். சேற்றில் ஒரு காலடிகூட இல்லை. தண்ணீர் பயிரை விட்டு, வேலியோரம் யாரோ மண் போட்டுத் தூர்த்த பழைய கிணற்றுக்கு ஓடியது. அங்கே மண் மெல்ல மெல்ல உள்ளே இறங்கியது. அழுகல் நெடி எழும்பியது.

"அண்ணை... நீங்களோ?"

மோட்டர் தானாக நின்றது.

விழுந்தடித்து ஓடியிருக்க வேண்டும். அவளோ அழுதுகொண்டு நின்றாள்.

"வீட்டை வாங்கோ அண்ணை. அம்மா பாத்துக்கொண்டிருக்கிறா."

இருள் கவியும் மைமல் பொழுதில் செத்தவரை வீட்டுக்கு அழைக்கக்கூடாது என்று தெரியாதவளா? வாய் முந்திவிட்டது.

ஸ்கூட்டியை எடுக்கும்போது கைபேசி அடித்தது. அம்மா.

"பிள்ளை, என்ரை மகன் வந்திட்டான், கொண்ணை வந்திட்டான். பின்வளவிலை தண்ணி கட்டுறான்."

"அம்மா, வெளியிலை போகாதேங்கோ."

"இவ்வளவு காலத்துக்குப் பிறகு கூப்பிடுறான். போகாமல் இருக்கேலுமே?"

வீட்டில் உலை கொதித்தபடி இருந்தது. பின்வளவுப் பாத்திகள் எல்லாம் இடப்பக்கம் வெட்டி அடைத்திருந்தன. தண்ணீர் கிணற்றை நோக்கித் திரும்பி ஓடிக்கொண்டிருந்தது. மோட்டர் வயர் சுருட்டியபடி விறாந்தையிலேயே கிடந்தது.

கிணற்றடியில் அம்மாவின் செருப்பு.

கிணற்றுக்குள்ளிருந்து தணிந்த குரல் ஒன்று வந்தது.

"வா தங்கச்சி. அம்மா பாத்துக்கொண்டிருக்கிறா."