இடது, மல்லாந்து, வலது

தொட்டி திரும்பியிருந்தது.

முதலில் அவள் நம்பவில்லை. தொட்டியின் விளிம்பில் கணவன் சாக்பீஸால் போட்டிருந்த கோடு நேற்று சுவரைப் பார்த்து இருந்தது. துடைப்பத்தை அந்த மூலைக்குள் விட்டபோது அவளே கண்ணால் பார்த்தாள். இன்று காலை எட்டு மணிக்கு அது ஜன்னல் பக்கம் வந்திருந்தது. ஏழடி உயரக் கள்ளி அது. விளிம்பைப் பிடித்து அசைத்து அசைத்துத்தான் தொட்டியை நகர்த்த முடியும், அதற்குள் இடுப்பு விட்டுப்போகும். வீட்டில் இருப்பது இரண்டே பேர். கணவன் லிஃப்ட் மெக்கானிக், அந்த அறைப் பக்கமே போகாமல் ஏழரைக்கே கிளம்பிப் போய்விட்டான். அவள் திருப்பவில்லை. அதில் சந்தேகமே இல்லை, ஏனென்றால் மூன்று மாதமாக அவள் ஒரு தடவைகூடத் திருப்பியதில்லை. வாராவாரம் கணவன் கொடுத்த தாளில் டிக் மட்டும் போட்டுவந்தாள். நேற்று சாயங்காலமும் போட்டாள்.

கள்ளி நாத்தனாருடையது. கணவனுக்கு அக்கா; கல்யாணம் செய்துகொள்ளாமல், தபால் ஆபீசில் இருபத்தெட்டு வருஷம் கடிதங்களுக்கு முத்திரை குத்தியவள். முழ நீளத் துண்டாக நர்சரியிலிருந்து வாங்கிவந்து, தன் அறை மூலையில் வைத்து, தூண்போல வளர்த்துவிட்டாள். கம்பத்தார் என்று பெயர்கூட வைத்திருந்தாள். கம்பத்தார் வீட்டோட மாப்பிள்ளை மாதிரி, மூலையில் நிற்பாரே தவிர ஒரு துரும்பை எடுத்துப் போடமாட்டார் என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். அந்த அறைக்கு ஒரே ஜன்னல். வாரம் ஒருமுறை கால் வட்டம் திருப்பாவிட்டால் கள்ளி வெளிச்சத்தைத் தேடிச் சாய்ந்துவிடும்.

அக்கா இறந்த மறுவாரம் கணவன்தான் அந்தக் கோட்டைப் போட்டான். "அக்காவைப் பாத்துக்கிட்ட மாதிரி இதையும் பாத்துக்கோ" என்றான். எங்க அக்காவைக் கடைசிவரைக்கும் முகம் சுளிக்காமல் பார்த்தவள் இவள்தான் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வான், சொல்லும்போதே அவனுக்குக் கண் கலங்கும். அவனுக்கு உண்மை தெரிந்துவிட்டால் அந்தக் கண் தன்னை எப்படிப் பார்க்கும் என்பது ஒன்றுதான் அவளுடைய பயம்.

பக்கவாதத்தில் நாத்தனார் படுத்துக் கிடந்தது எட்டு மாதம். பேச்சு போய்விட்டது. இடது கை ஒன்றுதான் மிச்சம். அவள் இடக்கைக்காரி, முத்திரை குத்திய கை அதுதான். கிளினிக் நர்ஸ் ஒரு தாளைக் கொண்டுவந்து அலமாரிக் கதவில் ஒட்டினாள். மேலே மூன்று கட்டம்: இடது, மல்லாந்து, வலது. ஓரத்தில் நேரம்: எட்டு, பத்து, பன்னிரண்டு, இரண்டு, நான்கு, ஆறு. "ரெண்டு மணிக்கு ஒரு தடவை திருப்பிப் போடணும்மா. விட்டா புண்ணு வரும். மேலுக்குச் சின்னதாத்தான் தெரியும், உள்ளுக்குள்ள தின்னுக்கிட்டே போகும்" என்றாள். ராத்திரி முறை கணவனுக்கு, பகல் முறை அவளுக்கு. கணவன் அலாரம் வைத்து எழுந்து எழுந்து திருப்பினான். அவள் டிக் போட்டாள்.

பள்ளிக்கூடம் திறக்கிற நேரம், நீலக் கட்டம் போட்ட சட்டை முன்னூறு தைத்துக் கொடுக்க வேண்டியிருந்தது என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். அது சாக்கு. அவளுக்கு நாத்தனாரைத் தொட அருவருப்பாக இருந்தது, அவ்வளவுதான். கடைவாயில் காய்ந்த எச்சில், முதுகின் ஈரச்சூடு, தூக்கும்போது கையில் வழுவழுவென்று நழுவும் சதை, எல்லாமே அவளுக்குக் குமட்டியது. சாயங்காலம் கணவன் வந்து வாசலிலேயே "திருப்பிட்டியா?" என்று கேட்பான். "திருப்பிட்டேங்க" என்பாள்.

இடுப்புக்குக் கீழே, முதுகெலும்பு முடிகிற இடத்தில், முதலில் ஒரு சிவப்பு. பிறகு கறுப்பு. பிறகு ஒரு நாள் துணி மாற்றும்போது அந்தக் கறுப்பு அப்படியே கழன்று வந்துவிட்டது. உள்ளே உள்ளங்கை அளவு பள்ளம். தம்பி பார்க்கிற இடமில்லை அது. அவள் சொன்னால்தான் உண்டு. அவள் சொல்லவில்லை. சட்டைக்கு வெட்டியது போக மிஞ்சிய நீலக் கட்டத் துணியைச் சுருட்டிச் சுருட்டி அந்தப் பள்ளத்துக்குள் திணித்து, மேலே பவுடரைக் கொட்டினாள். திணிக்கும்போது அந்த இடது கை வந்து அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தது. விடவில்லை. ஐந்து விரலும் பதிந்த தடம் போக நான்கு நாளாயிற்று. ஐந்து துணி வைத்தாள். சாவுக்குக் காரணம் காய்ச்சல் என்று டாக்டர் எழுதிக் கொடுத்த அன்று, கடைசியாக உடம்பைத் துடைத்துவிட்டபோது நான்கை எடுத்தாள். ஐந்தாவதைத் தேடி விரலை விட அவளுக்குத் தைரியம் வரவில்லை.

இப்போது அந்தத் தொட்டி.

அடுத்த வெள்ளிக்கிழமை டிக் போட்டுவிட்டுக் கூடத்தில் மெஷினில் உட்கார்ந்தாள். மிதிக்கட்டையின் சத்தத்துக்கு நடுவே, சிமெண்டுத் தரையில் மண்தொட்டி உராய்கிற கரகரப்பு, பல்லைக் கூசவைக்கிற மாதிரி, மெதுவாக, அறைக்குள்ளிருந்து வந்தது. காலை நிறுத்தினாள். அதுவும் நின்றது. திறந்திருந்த கதவு வழியாகப் பார்த்தாள். விலா எலும்புபோல மேடும் பள்ளமுமாக ஓடும் அந்தப் பச்சைத் தண்டில், இதுவரை சுவரோடு இருந்த பக்கம் இப்போது அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தப் பக்கத்தில், அடியிலிருந்து ஒரு முழம் மேலே, பழுப்பாக ஓர் இடம்.

கிட்டே போனபோது வாடை வந்தது. அழுகிய காய்கறி வாடை என்று சொல்லிவிடலாம்தான். ஆனால் அதற்கு அடியில் இனிப்பாக, வெதுவெதுப்பாக இன்னொன்று இருந்தது. அது காய்கறி இல்லை. எட்டு மாதம் மூக்கைப் பிடித்துக்கொண்டு முகர்ந்த வாடை அவளுக்கு மறக்குமா? முள் இல்லாத இடமாகப் பார்த்து ஒரு விரலால் அழுத்தினாள். தோல் கொஞ்சம் எதிர்த்தது. பிறகு விட்டுக்கொடுத்தது. விரல் முதல் கணுவரை உள்ளே போயிற்று. உள்ளே கொழகொழவென்று, உடம்புச் சூட்டில் இருந்தது. விரலை உருவினால் பழுப்பு நீர் நூலாக இழுத்துக்கொண்டு வந்தது. சோப்பு போட்டு ஏழெட்டுத் தடவை கழுவினாள். சாயங்காலம் சோறு பிசையும்போது நகத்துக்குள் அந்த வாடை அப்படியே இருந்தது. சாப்பிட முடியவில்லை.

கணவனிடம் அவள் சொல்லவில்லை. பவுடர் டப்பாவை எடுத்துவந்து அந்த இடத்தில் கொட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை அவனே கண்டுபிடித்துவிட்டான். கள்ளி சாய்ந்திருந்தது. நர்சரிக்காரருக்குப் போன் போட்டு, அவர் சொல்லச் சொல்ல ரம்பத்தால் அறுத்தான். நடுவில் இருக்கும் வளையம் சுத்தமான பச்சையாக வரும்வரை வெட்டிக்கொண்டே போகச் சொன்னார். ஒரு பழுப்புப் புள்ளி மிஞ்சினாலும் மேலே ஏறிவிடுமாம். அடித்துண்டு விழுந்தபோது உள்ளே சதை என்று ஒன்றுமில்லை, தோலுக்குள் கஞ்சிபோல ஏதோ இருந்து தரையில் வழிந்தது. அதைத் துணியால் ஒற்றி எடுத்து வாளியில் பிழிந்தது அவள்தான். வாளியைக் கொட்டிவிட்டு வாந்தி எடுத்தாள்.

வெட்டுவாயில் கந்தகப் பொடி தூவினார்கள். "ரெண்டு வாரம் காயட்டும், தோல் கட்டினதும் நடலாம். படுக்கவச்சா மட்டும் தினமும் திருப்பிப் போடுங்க. இல்லாட்டி கீழ்ப்பக்கமா வேர் விட்டு, படுத்த இடத்தையே பிடிச்சுக்கும்" என்றார் நர்சரிக்காரர். மிஞ்சியது ஐந்தடி. அதைப் படுக்கவைக்கத் தோதான இடம் வீட்டில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. கணவன் அதைப் பழைய போர்வையில் சுற்றித் தூக்கிக்கொண்டுபோய் அக்காவின் கட்டிலில் கிடத்தினான். தலைமாட்டில் ஒரு தலையணைகூட வைத்தான். நர்ஸ் விட்டுப்போன தாள்களில் ஒன்று எழுதாமல் மீதி இருந்தது. அலமாரிக் கதவில் அதே இடத்தில் அதை ஒட்டினான்.

"இதுலயே டிக் போட்டுடு" என்றான். "உனக்குப் பழக்கம்தானே."

அவள் அந்த அறைக் கதவைச் சாத்தினாள். காலையில் அவன் போனதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய், கட்டில் பக்கம் திரும்பாமல் ஒரு டிக். வெளியே வந்து மறுபடி கதவைச் சாத்துவாள். மெஷினுக்கு வந்து உட்காருவதற்குள் உள்ளே கட்டில் கிரீச்சென்னும். கனத்த உடம்பு ஒன்று சிரமப்பட்டுப் புரளும்போது கட்டில் எப்படிக் கிரீச்சென்னுமோ, அப்படி. திங்கள், செவ்வாய், புதன். வியாழக்கிழமை சோதித்துப் பார்க்க அவள் டிக் போடவில்லை. நாள் முழுக்க ஒரு சத்தமும் இல்லை. சாயங்காலம் கணவன் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே "திருப்பிட்டியா?" என்றான். வாய் தன்பாட்டுக்கு "திருப்பிட்டேங்க" என்றது. உள்ளே கிரீச்.

"பூனையா?" என்று கேட்டான் அவன். ஆமாம் என்றாள்.

இரண்டாவது வாரம் வாடை கதவுக்கடியில் வர ஆரம்பித்தது. பழைய துணியைச் சுருட்டி அங்கே அடைத்தாள். துணி ஈரமாயிற்று. தைத்த சட்டைகளை மூட்டை கட்டும்போது அவற்றிலும் வாடை அடித்தது, அவள் தலைமுடியிலும் அடித்தது. எங்கோ எலி செத்துக் கிடக்கிறது என்று கணவனிடம் சொன்னாள். சனிக்கிழமை காலை, கிளம்பும்போது கணவன் சொன்னான், சாயங்காலம் நர்சரிக்காரரோடு வருகிறேன், கம்பத்தாரைத் தூக்கிப் பார்த்து, அடிப்பக்கம் நன்றாக இருந்தால் இன்றைக்கே நட்டுவிடலாம் என்று.

அடிப்பக்கம்.

பகல் முழுக்க அவள் ஊசியில் நூல் கோக்கவில்லை. தூக்கினால் தெரிந்துவிடும். பதினாலு நாளில் ஒரு தடவைகூடக் கை படவில்லை என்று தெரிந்துவிடும். கம்பத்தாரை இப்படி விட்டவள் அக்காவை எப்படி விட்டிருப்பாள் என்று அவன் யோசிப்பான். அலமாரிக் கதவைப் பார்ப்பான். அவன் ஒன்றும் முட்டாள் இல்லை.

ஐந்து மணிக்குக் கதவைத் திறந்தாள்.

ஜன்னலில் இன்னும் வெயில் இருந்தது. போர்வை விலகிக் கிடந்தது. அவள் விலக்கவில்லை. கட்டிலுக்கடியில் தரையில் பழுப்பாக ஒரு தேக்கம், அதில் ஈ. மேல்பக்கம் பச்சையாக, பளபளப்பாக, ஒரு குறையும் இல்லாமல் இருந்தது. முந்தானையால் மூக்கைக் கட்டிக்கொண்டாள். இரண்டு கையிலும் துண்டைச் சுற்றிக்கொண்டு அதன் அடியில் விட்டாள். சூடு. துண்டையும் தாண்டிச் சூடு. தூக்கினாள். வரவில்லை. மெத்தையைப் பிடித்துக்கொண்டிருந்தது. இன்னும் பலமாக இழுத்தாள். ஒட்டிய பிளாஸ்திரி பிரிகிற சத்தத்தோடு ஒரு பக்கம் கிளம்பியது. வெள்ளை வேர்கள் மெத்தைப் பஞ்சோடு பிய்ந்து வந்தன.

அடியில் ஒரு பள்ளம். உள்ளங்கை அளவு. ஓரம் கறுப்பு.

உள்ளே நீலமாக ஏதோ தெரிந்தது.

பார்க்காதே என்று சொல்லிக்கொண்டே பார்த்தாள். துண்டு சுற்றாத இரண்டு விரலால் அதன் நுனியைப் பிடித்து இழுத்தாள். சளியில் ஊறி, கனத்து, வழுக்கிக்கொண்டு வந்தது. நீலக் கட்டம். ஓரத்தில் அவள் கத்தரியின் வெட்டு.

ஐந்தாவது.

வாசலில் சாவி திருகும் சத்தம். கணவனின் குரல், கூடவே நர்சரிக்காரரின் இருமல். யோசிக்க நேரமில்லை. கைக்கு அந்த வேலை தெரியும். துணியைச் சுருட்டினாள். பள்ளத்துக்குள் திணித்தாள். இன்னும் உள்ளே. விரல், கணு, உள்ளங்கை. பவுடர் எங்கே? கொழகொழப்பு மணிக்கட்டைத் தாண்டியது.

அப்போது உள்ளேயிருந்து ஏதோ அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தது.

ஐந்து இடத்தில். விடவில்லை.

இழுத்தாள். முழங்கைவரை உள்ளே போயிற்று. முள் கழுத்தில் இறங்கியது. கத்த வாயைத் திறந்தால் அந்த வாடை வாய்க்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. கூடத்தில் செருப்பு கழற்றும் சத்தம். ஒன்று. இரண்டு.

"திருப்பிட்டியா?" என்றான் கணவன், எப்போதும்போல.

எட்டு மாதமும் மூன்று மாதமும் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய். அவள் தடுப்பதற்குள் அது சொல்லிவிட்டது.

"திருப்பிட்டேங்க."

கட்டில் கிரீச்சிட்டது. அவள் கையை விடாமல், அவளைக் கட்டிலின் மேலே இழுத்துக்கொண்டு, மெதுவாக, சிரமப்பட்டு, அது அவள்மேல் மல்லாந்து திரும்பியது.