குலுக்கும் சத்தம்

அவர் மார்ட்டினி மதுவைக் குலுக்கிக்கொண்டிருந்தார்.

அதுதான் அவளை முதலில் உறுத்தியது. கல்யாணமானதிலிருந்து அவர் அதைக் குலுக்கியதே இல்லை. நீளமான கரண்டியால், ஐஸ் கண்ணாடியில் இடிக்காமல், சத்தமே வராமல் கலக்குவார். குலுக்கினால் கலங்கிப்போகும், குலுக்குகிறவன் காட்டான் என்று வருகிறவர்களுக்கெல்லாம் வகுப்பெடுப்பார். இன்று சட்டைக் கையை மடித்துவிட்டு, மூடி போட்ட எவர்சில்வர் ஷேக்கரைத் தோளுக்கு மேல் தூக்கி, வெறி பிடித்தவர்போல் குலுக்கினார்.

"என்ன டாக்டர், கட்சி மாறிட்டீங்க?" விருந்துக்கு வந்திருந்த பேங்க் மேனேஜர் சிரித்தார்.

"வயசாகுதுல்ல சார். கைக்கு எக்சர்சைஸ்."

ஜின்னும் எலுமிச்சைத் தோலும் செண்டும் கலந்து மணத்த கூடத்தில், கலங்கலான கோப்பைகளைத் தட்டில் ஏந்தி அவள் நடந்தாள். அவளுடைய முழுக்கை ரவிக்கைக்குள் போன வாரத்து விரல் தடங்கள் இன்னும் எரிந்தன. ஆட்கள் முன்னால் அவர் கை ஓங்கமாட்டார். அந்த நேரம் பார்த்து அவளைக் கூட்டிப்போகத் தம்பி பின்வாசலுக்கு வருவதாக ஏற்பாடு. பின்னறையில் வாஷிங் மெஷினுக்குப் பின்னால் அவளுடைய பை தயாராக இருந்தது. விளக்கு வைத்து வெகுநேரமாகிவிட்டது. தம்பியைக் காணோம்.

ஷேக்கர் ஓய்ந்தது. அவர் ஊற்றினார். அந்த இடைவெளியில், சுவருக்கு அப்பால் எங்கோ, மூட்டையை உதைப்பதுபோல் ஒரு சத்தம். வேகமாக இரண்டு. தயங்கி ஒன்று.

சின்ன வயதில் அவள் குளிக்கும்போது தம்பி கதவை அப்படித்தான் தட்டுவான்.

உடனே ஷேக்கர் மறுபடி அலறியது.

அவள் தட்டை வைத்துவிட்டுப் பின்னறைப் பக்கம் திரும்பினாள். அவர் கை அவள் மணிக்கட்டைப் பிடித்தது. சிரித்துக்கொண்டே, பழைய காயத்தின் மேலேயே, எலும்பு நகரும்வரை அழுத்தினார். எலும்பு டாக்டர், எங்கே அழுத்தினால் குரல் வராது என்று தெரியும்.

"கோப்பை காலியாகலையேம்மா."

'அம்மா' எல்லாம் ஆட்கள் இருந்தால் மட்டும்தான்.

அவள் வக்கீலம்மாவிடம் குனிந்தாள். "அக்கா, உங்களுக்குக் கேட்குதா?"

"கேட்காம? உன் வீட்டுக்காரர் கச்சேரியில காதே போச்சு!" வக்கீலம்மா ஆலிவ் காயைக் குச்சியிலிருந்து கடித்து இழுத்தாள். எல்லோரும் சிரித்தார்கள்.

குலுக்கல். ஊற்றல். தட்டல். இப்போது இரண்டுதான்.

குலுக்கல். அவர் கழுத்து நரம்பு புடைத்து, வியர்வை காலருக்குள் இறங்கியது. ஊற்றல்.

ஒன்று. நகத்தால் தகரத்தைச் சுரண்டுவதுபோல், இழுத்து, மெதுவாக.

பிறகு இல்லை.

அவர் ஷேக்கரைக் கீழே வைத்தார். தலையைச் சாய்த்துக் கேட்டார். நீளக் கரண்டியை எடுத்துத் துடைத்து, சத்தமே வராமல் கலக்கத் தொடங்கினார். ஊற்றிய கோப்பை கண்ணாடி மாதிரித் தெளிவாக இருந்தது.

"இப்பத்தான் டாக்டர், பழைய டாக்டர்!" மேனேஜர் கை தட்டினார்.

அவர் ஒரு சாவியை அவள் உள்ளங்கையில் வைத்தார். சூடாக இருந்தது.

"ஐஸ் தீர்ந்துடுச்சு. பெட்டியிலேர்ந்து எடுத்துட்டு வாம்மா."

பின்னறையில் இருக்கும் அந்தப் பெட்டி ஃப்ரீசரை அவள் தொடக்கூடாது என்பது அவர் சட்டம். அவள் ஓடினாள்.

பின்னறை. இருட்டு. மோட்டாரின் முனகல். பூட்டைத் திறந்தாள். மூடியைத் தூக்கினாள்.

பனிப்புகை விலகியது.

மூடியின் உட்பக்கமெங்கும் சிவப்புக் கீறல்கள். ஒன்றில் ஒரு நகம் ஒட்டியிருந்தது. கீழே தம்பி, மடங்கி. முழங்கால்கள் தப்பான பக்கம் வளைந்திருந்தன. விரல் நுனிகளில் சதை இல்லை. இமையில் பனி. வாய் திறந்தபடி.

ஐஸ் பாளங்களை ஒரு பக்கமாகத் தள்ளி, அவனுக்குப் பக்கத்தில் இடம் ஒழித்து வைத்திருந்தது. ஒரு ஆள் ஒடுங்கிப் படுக்கிற இடம். தலை வைக்கிற மூலையில், மடித்து, அவளுடைய பை.

அவள் கத்த வாயைத் திறந்தாள்.

அதற்கு முன்பே ஷேக்கர் சத்தம் எழுந்தது. கூடத்தில் இல்லை. அவளுக்கு நேர் பின்னால்.