பதினாறு டிகிரி வீடு

ஜனவரி மழை காலையிலிருந்தே விடவில்லை. பாரிசில் அந்த மாதத்து மழைக்கு ஒரு கெட்ட பழக்கம்... கொட்டித் தீர்க்காது, நிற்கவும் நிற்காது, கழுத்துப் பட்டிக்குள் வழி தேடி இறங்கும். லா சப்பல் மேம்பாலத்தில் இரண்டாம் இலக்க மெத்ரோ ஓடும்போதெல்லாம் கீழே நின்றவர்கள் மீது இன்னும் நாலு சொட்டுத் தண்ணீர் விழுந்தது.

ரூ பெர்தொனே தெருவில் ஒரு நகைக்கடையில் நிரோஜினிக்கு வேலை. அந்தக் குளிர்காலத்தில் கரண்ட் பில் மூன்று மடங்காகிவிட்டதென்று முதலாளி கண்ணாடிப் பெட்டிகளின் பாதி விளக்குகளை அணைத்து வைத்திருந்தார். அரை வெளிச்சத்தில் தங்கம் பித்தளை போலத் தெரிந்தது. கல்யாணத்துக்கு நகை எடுக்க வந்தவர்கள் ஒவ்வொரு சங்கிலியையும் வாசலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார்கள். பின்னாலேயே போய்க் குளிரில் காவல் நிற்பது நிரோஜினியின் பாடு.

மதியம் அவளுக்கு முப்பது நிமிடம் இடைவேளை. அதற்கு அவள் ஓடிப்போகும் இடம் ஒன்றுதான். பக்கத்துத் தேநீர்க் கடையில், இடியப்பம் அவிக்கும் பெரிய பானைக்கு அருகில் ஒரு மேசை இருந்தது. தெருவிலேயே சூடான இடம் அது. இன்றைக்கு அந்த மேசையில் ஒருவன் உட்கார்ந்திருந்தான். போதாக்குறைக்குத் தன் பையை வேறு இன்னொரு கதிரையில் உட்கார வைத்திருந்தான்.

“உங்கடை பாக் தேத்தண்ணி குடிக்குமோ?” என்றாள் நிரோஜினி.

அவன் நிமிர்ந்தான். தூக்கம் போதாத கண்கள். அப்படியும் முதலில் சிரித்தவை அந்தக் கண்கள்தான்... வாய் பிறகுதான் சிரித்தது.

“குடிக்காதுங்க. அதுக்குக் காப்பிதான் பழக்கம்.”

பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, பானைக்கு நெருக்கமாக இருந்த தன் கதிரையை அவளுக்குக் கொடுத்தான். தமிழைக் கேட்டதும் தெரிந்துவிட்டது, இவன் யாழ்ப்பாணத்து ஆள் இல்லை. பேர் அர்னோ. பாண்டிச்சேரிக் குடும்பம், பிறந்து வளர்ந்தது இங்கே. பானையின் ஆவி அவள் முகத்தில் பட்டது. காலையிலிருந்து காணாத சூடு. அவளுக்கு அழுகை வரும்போல இருந்தது... அவ்வளவு களைப்பு.

சுவரில் தொலைக்காட்சி ஓடியது. ரஷ்ய எரிவாயு, பொருளாதாரத் தடை, வேலைநிறுத்தம்... அதே செய்தி. ஆளுக்கொரு கழுத்து மூடிய ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு பெரிய மனிதர்கள் சிக்கனம் சொன்னார்கள். சண்டை பிடிப்பது யாரோ, தடை போடுவது யாரோ, விறைப்பது நாங்கள் என்று கடைக்காரர் அலுத்துக்கொண்டார். தடை போடாமல் சண்டைக்காரனுக்கு மாலை போடுவதா என்று ஒருவர் கேட்டார். அப்படியென்றால் மாலையைப் போட்டாவது என் பில்லைக் கட்டு என்றார் கடைக்காரர். கோபப்படவும் தெம்பில்லாத சிரிப்பொன்று எழுந்து அடங்கியது.

அந்தத் தெம்பின்மையில்தான் நிரோஜினி முன்பின் தெரியாதவனிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். மூன்று தெரு தள்ளி அவள் வீடு. கட்டடம் முழுவதையும் சூடாக்க ஒரே எரிவாயு பொய்லர். பத்தொன்பது டிகிரி தருவதாக நிர்வாகம் எழுதிக் கொடுத்திருக்கிறது, வீட்டுக்குள்ளே பதினாறைத் தாண்டுவதில்லை. அப்பாவுக்கு நெஞ்சுச்சளி. அறையைச் சூடாக வைத்திருங்கள் என்று டாக்டர் சொல்லி இரண்டு மாதமாயிற்று. அப்பா வெளியே போடுகிற அனோரக் கோட்டோடு படுக்கிறார். படியேறி இறங்கி இருபத்துநாலு குடும்பத்திடம் கையெழுத்து வாங்கி மனு அனுப்பியவள் அவள்தான். வியாழக்கிழமை மாடிக்கு ஒரு வீடாக அளக்க ஆள் வருகிறான். பத்தொன்பதுக்குக் கீழே என்று காட்டினால் பொய்லரைத் திருத்தியே ஆக வேண்டும்.

“அவன் கொம்பனியின்ரை ஆளாத்தான் இருப்பான். தேர்மோமீற்றரையும் சூடாக்கிக்கொண்டு வருவான், பாருங்கோ.”

அர்னோ கோப்பையைக் கீழே வைத்தான். எந்தக் கட்டடம் என்று கேட்டான். அவள் சொன்னாள். மடியிலிருந்த பைக்குள் அந்தத் தேர்மோமீற்றர் கிடந்தது.

சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அவள் தன் பகிடிக்குத் தானே சிரித்துக்கொண்டிருந்தாள்... நனைந்த முடி நெற்றியில் ஒட்டியிருக்க, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு. இன்னும் ஒரு நிமிடம் பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று நினைத்தான். அதற்குள் அவளுடைய முப்பது நிமிடமும் முடிந்துவிட்டது.

வியாழக்கிழமை அரைநாள் லீவு எடுத்துக்கொண்டு கட்டட வாசலில் காத்திருந்தாள் நிரோஜினி. அதே பை வந்தது. அதே கண்கள் வந்தன. இந்த முறை அவை சிரிக்கவில்லை.

“நீங்களோ?” என்றாள். படியைக் காட்டினாள்.

முதல் மாடியில் ஜெர்மேன் மதாம். தபால் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பாண்டிச்சேரி விதவை. கதவு திறந்ததும் வெண்ணெய் வாசம் வீசியது. வீட்டுக்கு ஆள் வருகிறதே என்று காலையிலிருந்து அவணில் கேக் சுட்டிருந்தாள். அறை நடுவில் நின்ற அர்னோவின் கையில் எண்கள் ஏறின... இருபது புள்ளி ஒன்று. இரண்டாம் மாடியில் எல்லா விளக்கும் எரிந்தன. மூலையில் பச்சை ஸ்டிக்கர் ஒட்டிய மின்சார ஹீட்டர் ஒன்று உறுமிக்கொண்டிருந்தது. மூன்றாம் மாடி வீட்டிலும் ஒரு ஹீட்டர் இருந்தது. அதிலும் அதே பச்சை ஸ்டிக்கர். இவர்கள் படியேற, அது லிப்டில் ஏறியிருக்கிறது.

நிரோஜினி நான்காம் மாடிக்கு ஓடினாள். அவள் வீடு. கதவைத் திறந்த அம்மா கோசலை பட்டுச் சேலையில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பின்னால் பச்சை ஸ்டிக்கர் ஹீட்டர் அப்போதுதான் சிவந்துகொண்டிருந்தது. அடுப்பில் ரோல்ஸ் பொரிந்தது, அவண் வாய் திறந்திருந்தது. அனோரக்கைக் கழற்றிவிட்டு, அயர்ன் பண்ணிய சட்டையோடு அப்பா வரதராசா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். இருமலை அடக்கியதில் அவர் முகம் கறுத்திருந்தது.

இருபது புள்ளி நாலு.

“என்னம்மா செய்து வைச்சிருக்கிறீங்கள்?” நிரோஜினியின் குரல் உடைந்தது.

“வீட்டுக்கு வாற பிள்ளையைக் குளிருக்கை இருத்திறதோ?” என்றாள் கோசலை.

அவளைக் குற்றம் சொல்லவும் முடியாது. யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை போட்டிருந்த வருடங்களில் குடும்பம் நடத்தியவள். மண்ணெண்ணெய் இல்லை, சவுக்காரம் இல்லை, சீனி இல்லை. அப்போதும் வாசலுக்கு வந்த எவரையும் தேத்தண்ணீரும் ஒரு துண்டு பனங்கட்டியும் கொடுக்காமல் அவள் அனுப்பியதில்லை. எங்களிடம் இல்லை என்று காட்டிக்கொள்வது கோசலையால் ஆகாத காரியம். போகும்போது அர்னோவின் கையில் ஒரு பெட்டி ரோல்ஸையும் திணித்துவிட்டாள்.

படிக்கட்டில் வைத்து நிரோஜினி அவனை மறித்தாள்.

“பதினாறு எண்டு எழுதுங்கோ.”

“முடியாதுங்க. இன்னிக்கு உங்களுக்காகப் பொய் எழுதினா, நாளைக்கு நான் நிஜத்தை எழுதினாலும் யாரும் நம்ப மாட்டாங்க.”

ஒரு வழி இருக்கிறது என்றான். ஆள் வருவது தெரிந்து வீட்டைச் சூடாக்கினோம் என்று நாலு வீட்டாரும் எழுதிக் கையெழுத்துப் போட்டால் இந்த அளவு செல்லாது. அடுத்த முறை சொல்லாமல் வந்து அளப்பார்கள். எங்கடை சனம் அப்படி எழுதுமோ என்று அவள் கேட்டாள். மனுவில் பேர் போடுவது வேறு, ஊருக்கு முன்னால் நடித்தோம் என்று எழுதிக் கொடுப்பது வேறு. அது அவனுக்குப் புரிந்தது. ஆனால் அவளுடைய கோபம் அதில் இல்லை என்பதும் புரிந்தது.

“அண்டைக்கே சொல்லியிருக்கலாம். என்னைக் கதைக்க விட்டுப்போட்டுப் பாத்துக்கொண்டிருந்தீங்கள்.”

“சொல்லியிருந்தா எழுந்து போயிருப்பீங்க...”

“போயிருப்பன்தான்” என்று சொல்லிவிட்டு அவள் மேலே ஏறிப் போனாள்.

அதன்பிறகு அவள் தேநீர்க் கடைப் பக்கம் போகவில்லை. நகைக்கடையின் பின்னறையில் கோட்டோடு உட்கார்ந்து பாண் தின்றாள். மனம் அந்த மூலை மேசைக்கே போனது. பானைச் சூட்டுக்காகத்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அவளே நம்பவில்லை.

வேலை முடிந்து வந்து ஒவ்வொரு வீடாகத் தாளோடு ஏறி இறங்கினாள். ஜெர்மேன் மதாம் சிரித்துக்கொண்டே கையெழுத்திட்டாள். ஹீட்டரின் சொந்தக்காரர்களான இரண்டாம் மாடிக்காரர்கள் மூன்று நாள் யோசித்துவிட்டுப் போட்டார்கள். மூன்றாம் மாடியும் சம்மதித்தது. மிச்சம் ஒரே ஒரு வீடு... அவளுடைய வீடு. நான் அப்படி எழுத மாட்டேன் என்றாள் கோசலை. அப்பாவின் இருமலைக் கேட்டுக்கொண்டே அப்படிச் சொன்னாள். வரதராசா யார் பக்கமும் பேசவில்லை.

“அப்ப எங்களுக்குத் தடை போட்டவங்கள். இப்ப நாங்கள் இருக்கிற நாடு தடை போடுது” என்றார் போர்வைக்குள்ளிருந்து. “ரெண்டிலையும் அகப்பட்டு நிக்கிறது சனம்தான், பிள்ளை. விடு.”

ஞாயிற்றுக்கிழமை மழையில் மணி அடித்தது. கோசலை போய்க் கதவைத் திறந்தாள். அவள் உடம்பில் இரண்டு ஸ்வெட்டர், அதற்கு மேல் சால்வை, தலையில் கம்பளித் தொப்பி. வாசலில் அர்னோ. தேர்மோமீற்றர்ப் பை இல்லை. கையில் ரோல்ஸ் பெட்டி மட்டும்.

“வெறும் பெட்டியாத் தரக்கூடாதுன்னு அம்மா கேக் வச்சு அனுப்பினாங்க.”

கோசலை தொப்பியைப் பிடுங்கிப் பின்னால் மறைத்தாள். அடுப்பு மூட்ட நேரமில்லை, ஹீட்டர் இரண்டாம் மாடியில் இருந்தது. வந்தவனை வாசலில் நிறுத்தவும் முடியாது. உள்ளே வந்த அர்னோ, விருந்தாளி செய்வதைச் செய்தான். நனைந்த கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, மெல்லிய சட்டையோடு உட்கார்ந்தான்.

தேத்தண்ணீர் வந்தது. அவன் கோப்பையை எடுத்தான். தட்டில் கோப்பை கிலுகிலுத்தது. குளிரைப் பற்றி அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. கேக்கைப் பற்றிப் பேசினான், பல் கிட்டக் கிட்ட. அறை வாசலில் நின்ற நிரோஜினி அந்தக் கையையே பார்த்தாள். விரல் நுனியெல்லாம் நீலம் பாரித்திருந்தது. அதை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் பொத்திக்கொள்ள வேண்டும் போலிருந்தது... இது காதல்தான் என்று அந்த நேரத்தில் அவளுக்குத் தெரிந்துவிட்டது. இந்த மனுசன் கோட்டைப் போட்டால் என்ன என்று கோபமும் வந்தது.

ஐந்து நிமிடம் கோசலை பொறுத்தாள். அதற்கு மேல் முடியவில்லை. எழுந்துபோய் அவன் கோட்டைத் தானே எடுத்து வந்தாள்.

“போடும், தம்பி” என்றாள். “இஞ்சை... குளிர்.”

பிறகு வரதராசா, வந்தவனுக்காக அடக்கி வைத்திருந்த இருமலையெல்லாம் இருமித் தீர்த்தார். கோசலை அவரைப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள்.

“அந்தத் தாளைக் கொண்டா” என்றாள்.

சொல்லாமல் வந்து அளந்தார்கள். பதினைந்து புள்ளி எட்டு. ஆனால் வந்தவன் அர்னோ இல்லை, வேறொருவன். பொய்லருக்குச் சாமான் வர இன்னும் மூன்று வாரம் பிடித்தது. அதற்குள் குளிர்காலமே முக்கால்வாசி போய்விட்டது. ஒரு நாள் ரேடியேட்டர்களுக்கு உயிர் வந்தது, கைவைத்தால் தெரிகிற அளவுக்கு. அப்பா அனோரக்கைக் கழற்றிப் படுத்தார். பில் குறையவில்லை.

அன்று மதியம் நிரோஜினி தேநீர்க் கடைக்குப் போனாள். மூலை மேசையில் அவன் இருந்தான். பானைக்குப் பக்கத்துக் கதிரையில் அவன் பை உட்கார்ந்திருந்தது. அவளைக் கண்டதும் அதை எடுத்தான்.

“ஒவ்வொரு நாளும் பிடிச்சு வைக்கிறனீங்களோ?”

“இந்தப் பக்கம் வேலை இருக்கிற அன்னிக்கெல்லாம்.”

அவள் உட்கார்ந்தாள். கேட்கவேண்டியதைக் கேட்டாள். “அளக்க ஏன் நீங்கள் வரேல்லை?”

அர்னோ கோப்பையைச் சுற்றிக்கொண்டே இருந்தான். “நான்தான் வேற ஆளை அனுப்பச் சொன்னேன். அளக்கிறவன் நடுவுல நிக்கணுங்க. உங்க வீட்டு விஷயத்துல என்னால நிக்க முடியலை... எனக்கு உங்களைப் பிடிச்சுப்போச்சு, நிரோஜினி.”

தொலைக்காட்சியில் எரிவாயு விலை ஓடியது. கடைக்காரர் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். நிரோஜினிக்கு எதுவும் கேட்கவில்லை. எத்தனையோ மாதக் களைப்பு உடம்பை விட்டு இறங்கியது போல இருந்தது. மேசை மேல் கிடந்த அவன் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்தாள். இன்றைக்கு அது சூடாகத்தான் இருந்தது. அவள் விடவில்லை.

“எனக்கும்” என்றாள்.

பிறகு அவனுக்குச் சிரிப்பு வந்தது.

“அப்ப ஞாயித்துக்கிழமை வரட்டுமா? போன தடவை மாதிரி சொல்லாம வந்துடறேன்.”

“வேண்டாம்” என்றாள் நிரோஜினி. “இந்த முறை சொல்லிப்போட்டு வாங்கோ. உங்கடை அப்பா அம்மாவையும் கூட்டிக்கொண்டு...”

அவன் கண்கள் முதலில் சிரித்தன.

“...அம்மா வீட்டைச் சூடாக்கட்டும்.”