ஃபிரிட்ஜுக்குள் ஒரு குடித்தனம்

"பால் வைக்கிற எடத்துல பொணத்த வெச்சிருக்கீங்களே அண்ணி, இது வீடா, ஆஸ்பத்திரியா?" நாத்தனாரின் குரல் மாடிப்படியில் போகிறவர்களையும் நிறுத்தியது.

"பொணம் இல்லம்மா, புழு. ஸ்பிரிட்டுல ஊறிச் செத்த புழு. உன்னக் கடிக்காது."

அண்ணியைத் தெருவே புழுக்காரி என்றுதான் சொல்லும். துருவக் கடலின் அடிச்சேற்றில் எந்தப் புழு எங்கே கிடக்கிறது, எத்தனை வகை என்று ஆய்வுக்கூடத்தில் பிரித்துவைப்பது அவள் உத்தியோகம். இந்த ஒன்று புது இனம் என்று அவள் அடித்துச் சொன்னாள். பழசுதான், கொட்டு என்றார் மேலதிகாரி. ரோஷத்தில் பாட்டிலை வீட்டுக்கே தூக்கிவந்துவிட்டாள். பனிக்கடலை விட்டால் வேறெங்கும் பிழைக்காத ஜாதி என்பது அவள் கட்சி.

"கெடைக்கிற மணல ஒட்டி ஒட்டி, குழாய் மாதிரி வீடு கட்டிக்கும், தெரியுமா?"

"நாமளே வாடகை வீடு. அதுக்குச் சொந்த வீடு கேக்குதோ?"

புருஷன் பேப்பருக்குள் புகுந்துகொண்டான். கெட்டிக்காரன்.

பாட்டிலைத் துடைக்கும்போதுதான் கண்ணில் பட்டது. சாம்பல் நிறக் குழாயின் வாய் விளிம்பில், நேற்று இல்லாத ஒரு சிவப்பு வளையம். மூடியைத் திறந்து முகர்ந்தாள். ஸ்பிரிட்டின் காரத்துக்கடியில் நாத்தனாரின் நகப்பூச்சு வாசனை.

யாரிடமும் மூச்சு விடவில்லை. விட்டால் பாட்டில் சாக்கடைக்குப் போகும். அடுத்தடுத்து சுவர்ப் பொருக்கு ஒரு வளையம், புருஷனின் நரைமுடி ஒரு வளையம். வீட்டில் யாருமில்லாத ஒரு மத்தியானம், ஃபிரிட்ஜின் உறுமல் அடங்கிய இடைவெளியில், யாரோ நாக்கால் மணலைத் துழாவுவதுபோல ஒரு நெறுநெறுப்பு, சேற்றுவாடையோடு, கதவின் ரப்பர் வழியாகக் கசிந்து வந்தது.

"குளிருதான வேணும் உனக்கு?" பிளக்கைப் பிடுங்கினாள்.

சத்தம் நின்றது. கதவைத் திறந்தாள். பாட்டில் காலி.

மறுபடி நெறுநெறுப்பு. இப்போது சுவருக்குள்.

நாத்தனார் கல்யாணமாகி வெளியூர் போனாள். கீழ்வீட்டார் காலி செய்தார்கள். புருஷனும் மாற்றல் வாங்கிக்கொண்டு, கூட வரச்சொல்லிக் கெஞ்சினான்.

"நான் எதுக்குப் போகணும்? வந்தது அதுதான. அது போகட்டும்."

இன்று விடிந்தபோது தலைமாட்டுச் சுவரில் குழாய் வாய் திறந்திருந்தது. தலையணை அகலம். விளிம்பில் ஈரம் காயாத புது வளையம். வெள்ளையாக, பிறை பிறையாக.

"இது என் வீடு."

விரல்களை மடக்கி இறுக்கினாள். உள்ளங்கையில் ஒரு நகம்கூடக் குத்தவில்லை.